விடியற்காலையில் ஒரு புல்லட்

தை மாதத்தில் உதகமண்டலத்தின் விடியற்பொழுது சில நாள்களில் உறைநிலையைத் தொட்டுவிடும். அவ்வேளையில் தம் பழைய புல்லட்டை உதைத்து இயக்கிவிட்டு, உள்ளே சென்று தேநீர் அருந்தி வருவது தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவரின் நெடுநாள் வழக்கம். பத்து நிமிடம் நின்றபடியே ஓடினால்தான் எஞ்சின் நீடித்துழைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

பரிவில் குறையில்லை, கணக்கில்தான் பிழை. இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் கீழே வடிந்து கிடக்கும். அதனை மேலேற்ற அரை நிமிடம் போதும். கடுங்குளிரில் ஒரு நிமிடம். அதற்குமேல் நிறுத்தி வைத்தால் விளைவது என்ன? சோக்கு இழுத்திருக்கும்போது கார்புரேட்டர் பெட்ரோலை மிகுதியாகச் செலுத்தும். எரியாமல் எஞ்சுவது சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்; கீழிறங்கி எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். காக்க எண்ணிய செயலே தேய்மானத்திற்கு வழிகோலுகிறது!

உடனே விரட்டுவதும் தவறே. அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட மிகுதியாக விரிவடையும். இறுகிப் பிடிக்கவும் கூடும். முதல் சில கிலோமீட்டர் மெல்லச் செல்வதே முறை. கியர்ப்பெட்டியும் டயர்களும் ஓட்டத்தில்தானே சூடேறும்?

எஞ்சினைவிடப் பெரிய இழப்பொன்று அவ்வீட்டில் காத்திருந்தது. வண்டி நின்றது தகரக் கொட்டகையில். தடுப்புக்கு அப்பால் பேத்தி உறங்கும் அறை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒருநாள் குழந்தை தலைவலியோடு எழுந்து வாந்தி எடுத்தாள். நல்லவேளையாகச் சன்னலைத் திறந்ததும் தேறினாள்.

இப்போதெல்லாம் அவர் வண்டியைத் தெருமுனைவரை தள்ளிச் சென்ற பின்னரே உதைக்கிறார். தேநீரை அதற்கு முன்பே குடித்துவிடுகிறார்.