கிரேடு ஒண்ணுதானே, டாக்டர்?

ஸ்கேன் அறையில் கல்லீரலை மட்டும் தனியாகப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. திரையில் அது சாம்பல் நிறம். எத்தனை வெளுத்த சாம்பல் என்பது கருவியின் குமிழைத் திருகும் கையைப் பொறுத்தது. சற்றுக் கூட்டினால் யாருடைய கல்லீரலும் வெளுத்துவிடும். அதனால் வலது சிறுநீரகத்தையும் அதே படத்துக்குள் கொண்டுவருவோம். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்வது அதற்குத்தான். உதரவிதானம் இறங்கும்போது, விலா எலும்பின் நிழலிலிருந்து கல்லீரல் கீழே வரும். தொந்தி உள்ளவர்களை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் இன்னும் தெளிவு. கல்லீரலும் சிறுநீரகமும் ஏறக்குறைய ஒரே நிறமென்றால் கவலையில்லை. கல்லீரல் மட்டும் பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு. சிறுநீரகமே பழுதாகி வெளுத்திருந்தால் இந்த ஒப்பீடு ஏமாற்றிவிடும்; அப்போது மண்ணீரலைத் தேடிப் போக வேண்டும்.

வெளுப்பு லேசாக இருந்தால் கிரேடு 1. அது ஏற ஏற, உள்ளே ஓடும் போர்ட்டல் சிரையின் சுவர்க்கோடுகள் மங்கும். அது கிரேடு 2. ஒலியலை ஆழத்துக்குப் போக முடியாமல் உதரவிதானக் கோடே மறைந்தால் கிரேடு 3. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நான் ஒன்று எழுதுவேன், பக்கத்து அறை மருத்துவர் இன்னொன்று எழுதுவார். கண்ணால் போடும் கணக்கு அப்படித்தான். ஆனால் வாங்கிப் போகிறவர்கள் அதைப் பரீட்சை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். "போன வருஷமும் கிரேடு ஒண்ணுதான் டாக்டர்" என்று சிரிப்பவர்கள் எத்தனையோ பேர்.

அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது. அல்ட்ராசவுண்ட் காட்டுவது கொழுப்பை. கல்லீரலைக் கெடுப்பதோ அதன் பின்னால் மெல்ல ஏறும் தழும்பு. தொடக்கத்தில் அது திரையில் தெரியாது. தழும்பு முற்றி சிரோசிஸ் ஆகும்போது கொழுப்பு வடிந்துவிடுவதும் உண்டு. வெளுப்பு தணிந்ததைப் பார்த்து 'முன்னேற்றம்' என்று எழுதக் கை நீளும்போதெல்லாம், உயர் அதிர்வெண் புரோபை எடுத்துக் கல்லீரலின் மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கிறதா என்று பார்ப்பேன்; மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன்.

"வலியே இல்லையே" என்பார்கள். கல்லீரல் திசுவுக்குள் வலி நரம்பு கிடையாது; மேலுறை இழுபட்டால்தான் வலிக்கும். "நான் குடிக்கிறதே இல்லையே" என்பது அடுத்தது. சினைப்பை நீர்க்கட்டிக்காக ஸ்கேன் எடுக்க வரும் இளம்பெண்களுக்கே ஈரல் வெளுத்திருக்கிறது. மூன்று வேளையும் அரிசி, இடையிடையே சர்க்கரை போட்ட காபி, நாள் முழுக்க நாற்காலி: மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றுவது கல்லீரலின் வேலைகளில் ஒன்று. அது தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதைப் பிரபலமாக்கிய, 1988-இல் வெளியான சென்னை ஆய்வு ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றியது, கொழுப்பைப் பற்றியதல்ல. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பலனையும் உறுதிசெய்யவில்லை. எடை குறைவதுதான் நிச்சயமாகப் பலிக்கிறது. 80 கிலோ இருப்பவர் 6 முதல் 8 கிலோ இறக்கினால் கொழுப்போடு அழற்சியும் தணியும்.

கிரேடை எழுதிவிட்டு அதன் கீழே இப்போது இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் பார்க்கவும். இந்த மூன்றையும் வயதையும் வைத்துப் போடும் ஃபிப்-4 என்ற கணக்கு, யாரைத் தழும்பை அளவிடும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடும். ஸ்கேன் செலவோடு ஒப்பிட்டால் அந்த ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் காசு கொஞ்சம்தான்.