கரையில் ஒதுங்கிய வெண்மணிகள்

கடற்கரையில் ஒதுங்கும் குப்பைக்கு உரிமையாளர் எவரும் இருப்பதில்லை. ஒற்றைச் செருப்பு, தண்ணீர்ப் போத்தல், அறுந்த நைலோன் வலை ஆகியவற்றைக் கடலில் இட்டவர் யாரென்று நிரூபிக்க முடியாது. ஆகவே குற்றம் எல்லோருடையதுமாகி, ஈற்றில் எவருடையதும் இல்லாமற் போய்விடுகின்றது. ஆனால், 2021ஆம் ஆண்டு இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கிய குப்பை அத்தகையதன்று. அதற்கு ஒரு கப்பலின் பெயர் இருந்தது. சரக்குப் பட்டியலும் இருந்தது.

அவ்வாண்டு மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பலில் தீப்பற்றியது. நைத்திரிக் அமிலம் முதலான இரசாயனங்களோடு ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் அதில் இருந்தன. பிளாஸ்டிக் பொருள்களை வார்ப்பதற்கான மூலப்பொருள் அவை; பருப்பளவே இருக்கும். பிளாஸ்டிக் மணிகள் கடலிற் கொட்டுண்ட சம்பவங்களுள் உலகில் பதிவானவற்றில் மிகப் பெரியது இதுவே.

நீர்கொழும்புக்குத் தெற்கே சரக்குவக் கரையில் மணல் தெரியாதபடி அவை குவிந்தன. பாதுகாப்பு அங்கி அணிந்த கடற்படையினர் மணலை வாரி அரித்தனர். தீயில் உருகியவை கூழாங்கற்களைப் போல் மாறியிருந்தமையால் பொறுக்குவோரின் கண்ணுக்குத் தப்பின. மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. கிடைத்த மீனை வாங்கவும் மக்கள் அஞ்சினர்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை அறிவேன். இத்தகைய செய்தியின் ஆயுள் சில வாரங்களே. முதற்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்கு நகர்ந்து, பின்னர் அது மறைந்துவிடும். பிளாஸ்டிக் மணிக்கு அத்தகைய முடிவில்லை. அது உக்குவதில்லை, மேலும் சிறிய துகள்களாக உடைகின்றது. மீன்முட்டையென எண்ணிக் கடலுயிர்கள் அதனை விழுங்குகின்றன. அலை மணலைப் புரட்டும்போது புதையுண்டவை மீண்டும் வெளிப்படுகின்றன.

2025 ஜூலையில் எமது உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. 417 கடலாமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்தமை அதில் எடுத்துக்காட்டப்பட்டது. கப்பலை இயக்கிய நிறுவனமோ அத்தொகையைச் செலுத்த மறுத்தது. பெயர் தெரிந்த குப்பைக்கே இந்நிலை!

அத்தீர்ப்புக்கு இரு மாதங்கள் முன்னர், கேரளக் கரைக்கப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற மற்றொரு கொள்கலன் கப்பல் மூழ்கியது. ஜூன் மாதம் மன்னார்க் கரையிலும் வெண்மணிகள் ஒதுங்கின. அதே மணிகள், அதே அரிதட்டுகள்.

இது தற்செயலன்று. எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோது, கடல்வழிச் சரக்குகளுக்கான சர்வதேச விதிகளில் இம்மணிகள் ஆபத்தான பொருளாகக் கருதப்படவில்லை. 2024இல் சர்வதேச கடல்சார் அமைப்பு, இவற்றை உறுதியான பொதிகளில் இடுதல், கப்பலின் மேற்தளத்தைத் தவிர்த்து அடுக்குதல் ஆகியவற்றை வலியுறுத்தியது. ஆயினும் அவை வெறும் பரிந்துரைகளாகவே வெளியிடப்பட்டன.

பரிந்துரையை மீறியவரை எந்த நீதிமன்றமும் தண்டிப்பதில்லை. அவை கட்டாய விதிகளாகும்வரை, எமது கரைகளில் அரிதட்டுகளுக்கு ஓய்விராது.