பாத்திரக்கடையில் ஒரு சக்கரவர்த்தி

கும்பகோணத்தில் பெரியப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். பழைய பித்தளை, தாமிரம் எல்லாம் எடைக்கு எடுப்பார். கோடையில் காவிரி வறண்டதும் மணல் அரிக்கிறவர்கள் வருவார்கள். படித்துறையோரம் அகப்பட்ட பொன்துணுக்கு தட்டாருக்கு, மற்றதெல்லாம் எங்கள் கல்லாப்பெட்டி பக்கம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் அவர்களைப் பார்க்க முடியாது. ஆகவே பள்ளிக்கூட விடுமுறையில் எங்களுக்குக் கடைத் திண்ணைதான் வாசம்.

துணிமுடிச்சை அவிழ்த்தால் அநேகமாக ராஜராஜன் காசுதான் கொட்டும். ஒருபக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், பக்கத்தில் நாகரி எழுத்தில் ராஜா பெயர். பெரிய கோயில் கட்டினவருக்குக் காசில் ஒழுங்காக ஒரு மூக்குகூடக் கிடையாது. கை கால் எல்லாம் குச்சி, கண் ஒரு புள்ளி. நடுநடுவே நாகப்பட்டினத்து ஒல்லாந்தர் காசும் ஜார்ஜ் மன்னர் காலணாவும் கிடக்கும்.

ஒருதரம் கரூரிலிருந்து வந்த பழைய தாமிர மூட்டையில், அமராவதி மணலில் அரித்த பொடிக்காசுகள் கலந்திருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பெரியம்மா புளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "புளி போட்டுத் தேச்சா ராஜா ஓடிப்போயிடுவார்டி" என்று பெரியப்பா பிடுங்கி வைத்தார். ஒரு கிண்ணம் எண்ணெயில் ஊறப்போட்டு, பொழுது போகாதபோதெல்லாம் ஈர்க்குச்சியால் அழுக்கை நிமிண்டுவார். நாங்கள் மூச்சுக்கூட விடக்கூடாது.

மெள்ள மெள்ள ஒரு முகம் வந்தது. வலப்பக்கம் திரும்பிய முகம். நல்ல எடுப்பான மூக்கு, தலையில் முத்துவைத்த பட்டம், பிடரியில் முடிந்த நாடா. பின்பக்கம் வேலோடு ஒரு சிப்பாய். அவன் காலடியில் குதிரையோடு சரிந்தவன் கையை மேலே தூக்கிக் கெஞ்சுகிறான்.

கல்லூரி வாத்தியார் ஒருவர் கண்ணாடி வைத்துப் பார்த்து, இது ரோமாபுரிக் காசு, கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் என்றார். கி.பி. 348-ல் புதிதாக அடிக்கத் தொடங்கிய வகை. சுற்றியிருக்கிற லத்தீன் எழுத்துக்கு 'நல்ல காலம் திரும்பிவிட்டது' என்று அர்த்தமாம். பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "குதிரையிலேருந்து விழுந்தவனுக்கு என்ன நல்ல காலம்?" வாத்தியார் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்த நாணயப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மிளகுக்காக ரோமாபுரிப் பொன் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சியில் ஒரே புதையலாக 501 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். முகத்துக்கு இங்கே மரியாதை கிடையாது, பொன்னுக்குத்தான். ஆனால் இந்தச் செம்புப் பொடிக்காசு எதற்குக் கடல் தாண்டி வந்தது? இங்கே சில்லறையாகவே புழங்கியது என்பது வாத்தியார் கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. இலங்கையில் இதே மாதிரியைப் பார்த்து உள்ளூரிலேயே காசு வார்த்திருக்கிறார்கள். சில்லறைத் தட்டுப்பாடு இல்லாமலா அந்த வேலை? பிற்பாடு, 1994-ல், இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைப் பக்கத்து ரோமானியச் செப்புக்காசுகளைப் பற்றித் தனிநூலே போட்டார்.

அதே அமராவதியில் 'மாக்கோதை' என்று தமிழி எழுத்துப் பொறித்த சேரர் வெள்ளிக்காசும் கிடைத்தது. அதில் ரோமானியப் பாணியில் பக்கவாட்டு முகம்! வில்லும் புலியும் மீனும் போதும் என்றிருந்த நாட்டில் ஒருவருக்காவது தன் முகத்தைக் காசில் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது.

பெரியப்பா நல்லதாகச் சிலவற்றைப் பொறுக்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மிச்சம், வந்த தாமிரத்தோடு தாமிரமாக உருக்கப் போனது. அன்று ஊரில் அதுதான் வழக்கம். "நம்ம வீட்டுக் குடத்துலகூட ரெண்டு ராஜா இருப்பாங்க" என்று அண்ணன் கிளப்பிவிட்டான். மடிசஞ்சி பாட்டி, எந்த ஊர்க்காரனோ என்னவோ, அதில் மொண்ட தண்ணீரைச் சாமிக்கு வைக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அந்த ஆடிப்பெருக்குக்குப் புதுக்குடம் வாங்க வேண்டியதாயிற்று. பெரியப்பா சொந்தக் கடையிலிருந்தே, விலைபோட்டு.