முதுகு காட்டும் தீக்காக்கை

மூணாறிலிருந்து இறங்கி, நேரியமங்கலத்தில் பெரியாற்றைத் தாண்டி, கோதமங்கலம் வழியாகத் தட்டேக்காட்டுக்குப் போனேன். ஆற்றங்கரையில் 25 சதுர கிலோமீட்டர்க் காடு. 1930களில் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை ஆய்வு செய்தபோது சாலிம் அலி இங்கே தங்கினார். 1983இல் சரணாலயமான இந்தக் காடு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நான் தேடிப்போனது தீக்காக்கையை. ஆணுக்குக் கறுத்த தலை, மார்பில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே வயிறு முழுக்கச் செக்கச்சிவப்பு. பெண்ணின் வயிறு காவி கலந்த மஞ்சள். இத்தனை நிறம் இருந்தும் கண்ணில் படுவது அபூர்வம். மங்கிய பழுப்பு முதுகை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, கொம்பில் அசையாமல் உட்கார்ந்துவிடும்.

“எங்கே சேட்டா?” என்று கூட வந்த வழிகாட்டியிடம் கேட்டேன்.

“அந்தச் சாஞ்ச கொம்பு. திரும்பும், நில்லுங்க.”

நின்றோம். கொசு மொய்த்தது. சட்டென்று பறந்து, இலையடியில் இருந்த புழுவைக் கவ்விக்கொண்டு அதே கொம்புக்கு வந்தது. இம்முறை எங்களைப் பார்த்து. அந்தச் சிவப்பை எந்தப் படமும் சரியாகக் காட்டியதில்லை.

இது ஹார்பாக்டிஸ் பேரினம். எல்லா இனங்களும் ஆசியக் காடுகளுக்கே உரியவை: இமயத்தில் செந்தலைத் தீக்காக்கை, போர்னியோ மலைகளில் வைட்ஹெட் தீக்காக்கை, பிலிப்பைன்ஸுக்கென்றே ஒன்று. கால்விரல் அமைப்பு விசித்திரம். முதல் இரண்டு விரல்களும் பின்னோக்கியவை. தீக்காக்கைக் குடும்பம் தவிர வேறெந்தப் பறவைக்கும் இப்படி இல்லை.

சேட்டன் கூட்டிப்போய்த் தூரத்திலிருந்தே ஒரு பட்ட மரத்தைக் காட்டினார். உளுத்த கட்டையில் ஒரு பொந்து. மரங்கொத்தியின் அலகு தீக்காக்கைக்கு இல்லை. பச்சை மரத்தைக் குடைய முடியாது. உள்ளே மக்கி, தொட்டால் உதிரும் கட்டைதான் வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து குடைந்து, பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். நாமோ பட்ட மரத்தைக் கண்டால் விறகென்கிறோம், காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று வெட்டிச் சாய்க்கிறோம். பச்சை மரங்கள் அத்தனையும் நின்றாலும், அந்த ஒரு கட்டை போனால் தீக்காக்கைக்கு வீடில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் வழியில், நுனி காயத் தொடங்கியிருந்த இன்னொரு மரத்தைச் சேட்டன் தட்டிப் பார்த்தார்.

“இன்னும் கெட்டியா இருக்கு. நாலஞ்சு மழை போகணும்.”