வேருக்கு வந்த விருந்தாளி

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு முத்து, உப்பு, மக்ரூன் ஞாபகம் வரும். (மக்ரூன் பற்றி இன்னொரு வாரம்.) ஓட்டப்பிடாரம் பக்கம் போனால் கரிசல், ஐப்பசி மழையை நம்பி உளுந்து. முந்தின வருஷம் கார்த்திகையில் சித்தப்பா ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். வேரெல்லாம் குட்டிக் குட்டி முண்டுகள்.

“நகத்தால கிள்ளிப் பாருலே.”

உள்ளே வெள்ளை. சித்தப்பா முகம் செத்துவிட்டது. சிவப்பாக இருந்திருக்க வேண்டுமாம்.

முண்டுக்குள் குடியிருப்பது ரைசோபியம் என்கிற பாக்டீரியா. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. இந்த வேலைக்கு உரத் தொழிற்சாலையில் 400 டிகிரி சூடும், நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் வேண்டும்.

மண்ணில் கோடி கிருமிகள். எது திருடன், எது விருந்தாளி என்று கண்ணில்லாத வேருக்கு எப்படித் தெரியும்? வேர்த்தூவிச் செல்களின் மேல் காவலாளிப் புரதங்கள் நிற்கின்றன. பூஞ்சையின் கைட்டின் (இறால் ஓட்டில் இருக்கிறதே, அதே சரக்கு) தட்டுப்பட்டால் ஒரு புரதம் கதவைச் சாத்தச் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், ரைசோபியம் அனுப்பும் சிக்னலும் கைட்டின் மாதிரிதான். ஒரு கொழுப்பு வால் மட்டும் கூடுதல். அதைப் படிக்கும் புரதம் முன்னதற்கு ஒன்றுவிட்ட தம்பி. உளுந்துக்குத் தூரத்து உறவான ஒரு செடியில் 2003-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் அதைக் கண்டுபிடித்தார்கள். 2025-ல் இன்னொன்றும் சொன்னார்கள்: இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினால், கதவைச் சாத்துகிறவன் திறந்துவிடுகிறான்!

முத்துச் சிப்பிக்கு இந்த நாசூக்கு கிடையாது. உள்ளே வந்த அந்நியனைப் பூசி மெழுகிவிடும். இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது.

சிவப்பு? லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினின் பங்காளி. நைட்ரஜன் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பாக்டீரியாவுக்கோ மூச்சு விட அது வேண்டும். இந்தப் புரதம் ஆக்சிஜனைக் கட்டி வைத்து, ரேஷனில் கொடுக்கிறது. வெள்ளை முண்டில் வேலை நடக்கவில்லை.

சித்தப்பா விதையில் ரைசோபியம் கலந்துதான் விதைத்தார். ஆனால் அந்தப் பொட்டலம் கடையில் தகரக் கூரைக்கடியில் எத்தனை நாள் வெந்ததோ! உள்ளே இருந்தது செத்து, மண்ணில் கிடந்த உதவாக்கரை வகை நுழைந்திருக்கலாம். காவலாளி பாஸ்வேர்டைத்தான் பார்ப்பான். வந்தவன் உழைப்பானா என்பது அவனுக்குத் தெரியாது. தை அறுப்பில் பாதி மூட்டைதான் தேறியது.

அடுத்த தடவை புதுப் பொட்டலத்தை வாங்கித் தண்ணிப்பானை பக்கத்தில் வைத்தார். ஆறவைத்த அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்தினார். கார்த்திகையில் போன்.

“செவப்புலே!”