அமுச்சி மூடி வைத்த ஜன்னல்

போன ஆடியில் பெருந்துறை வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே தென்னை மட்டை பிய்ந்து விழுகிற காற்று. அமுச்சியின் அறை மட்டும் புழுங்கிக் கிடந்தது. ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அமுச்சி, ஜன்னலத் தெறந்து வெக்கலாமுல்லங்க?"

"வேண்டாங் கண்ணு. அது ஆவாது."

சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று, கொங்கு வீடுகளின் ஜன்னலைச் சும்மா விடாது. பழைய வீட்டில் மரக்கதவு. கம்பிக்கு நடுவே கையை விட்டு, கொக்கியை வளையத்தில் மாட்டினால் கதவு அடிக்காது. சாத்தினால் மேலும் கீழும் தாழ்ப்பாள். இருட்டில்கூட அமுச்சி தடவியே மாட்டிவிடுவார்.

புது வீட்டில் யூபிவிசி ஜன்னல். ஒரே கைப்பிடி, மூன்று வேலை. கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு. பக்கவாட்டில் திருப்பினால் கதவு மாதிரி உள்பக்கம் திறக்கும். மேலே திருப்பினால் அடிப்பக்கம் அப்படியே நிற்க, மேல்பக்கம் மட்டும் ஒரு சாண் உள்ளே சாயும். காற்று வரும், கதவு அடிக்காது. சட்டத்தின் ஓரத்தில் ஓடும் உலோகப் பட்டையும், அதிலிருக்கும் குமிழ்களும்தான் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கின்றன. ஜெர்மனியில் இது சர்வசாதாரணம்.

ஆனால் ஒரு விதி உண்டு. கதவை முழுசாகச் சாத்திய பிறகுதான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அமுச்சி, திறந்திருந்தபோதே மேலே திருப்பிவிட்டார். மேல் கீல் விடுபட்டு, மொத்தக் கண்ணாடியும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. தோள் கொடுத்துத் தள்ளிச் சாத்தியிருக்கிறார், தனியாளாக. அன்றிலிருந்து 11 நாள் திறக்கவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

"அத்தன காசு போட்டு வெச்சத நான் ஒடச்சுப்போட்டேன்னு நெனச்சேன் அம்மிணி..."

எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்படித் தப்பாகத் திருப்பவிடாமல் தடுக்க ஒரு சின்னப் பொறி இதில் உண்டு. எங்கள் ஜன்னலில் அது சரியாகப் பொருந்தியிருக்கவில்லை. மாட்டியவரைக் கூப்பிட்டோம், சரிசெய்துவிட்டுப் போனார். தப்பு அமுச்சியுடையது இல்லை. ஜன்னல் மாட்டிய அன்று அப்பாவுக்குக் காட்டினார்கள், எனக்குக் காட்டினார்கள். அந்த அறையில் படுக்கப்போகிறவருக்கு மட்டும் யாரும் காட்டவில்லை. நானும்தான்.

சட்டத்தில் ஸ்டிக்கர் பொட்டு மூன்று ஒட்டினேன். சிவப்பு பூட்டு, பச்சை திறப்பு, மஞ்சள் சாய்ப்பு. "மொதல்ல சாத்தோணும், அப்புறந்தான் திருப்போணும்" என்று அமுச்சியே சொல்லிச் சொல்லிப் பழகினார். நாலாவது தடவை மேல்பக்கம் மெல்லச் சாய்ந்தது. காற்று உள்ளே வந்தது.

உங்கள் வீட்டில் புது ஜன்னல் மாட்டினால், கைப்பிடியை முதலில் பெரியவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அமுச்சி முகத்தைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா, அந்தக் கொக்கிக்கு என்ன கொற?"