நாற்பது பேர் சுற்றினால்

விம்ஷர்ஸ்ட் இயந்திரத்துக்கு முதல் எதிரி ஈரக்காற்று. அதைக் கடலூரில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தவேண்டியிருந்தது எனக்கு.

1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் விம்ஷர்ஸ்ட் உருவாக்கிய வடிவம் அது. கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு தட்டுகள் எதிரெதிர் திசையில் சுழலும். உராய்வால்தான் மின்சாரம் வருகிறது என்று பையன்கள் நினைப்பார்கள். தட்டுகள் தொட்டுக்கொள்வதே இல்லை. ஏதோ ஓர் உலோகத்தாள் துண்டில் தற்செயலாக ஒட்டியிருக்கும் துளி மின்னூட்டம், எதிர்த்தட்டில் கடந்துபோகும் துண்டைத் தூண்டும். அந்த நேரம் அதைத் தொடுகிற தூரிகை வழியே ஒத்த மின்னூட்டம் விலகி ஓட, எதிர் மின்னூட்டம் தங்கிவிடும். அது சுழன்றுபோய் முதல் தட்டைத் தூண்டும். வட்டிக்கு வட்டி மாதிரி. முதல் போடுவது நம் கை. ஈர்க்கும் மின்னூட்டங்களைப் பிரித்து இழுக்கிற வேலை அதனுடையது.

சிதம்பரத்தில் நான் படித்தபோது ஆய்வக உதவியாளர் ஒருவர், வகுப்புக்கு அரைமணி முன்பே 100 வாட் குண்டு பல்பை அதன் பக்கத்தில் எரியவிடுவார். "மொதல்ல இது குளிர் காயணும் தம்பி" என்பார்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ஜனவரியில் பள்ளி திறந்தபோது கரண்ட் இல்லை. பல்புக்கு வழியில்லாததால் கருவியை முற்றத்து வெயிலில் காயவைத்தேன். மதியம் 'பட்'டென்று நீலப்பொறி பாய்ந்தது.

முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்துபோன ஊரிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்தான். "சார், இத வேகமா சுத்துனா வீட்டுக்கு கரண்ட் வருமா?"

சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வீட்டில் விளக்கு எரிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஒரு சென்டிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறக்குறைய 30,000 வோல்ட். ஆனால் ஓட்டம் மைக்ரோ ஆம்பியரில். பெருக்கினால் ஒரு வாட் தேறுவதே கஷ்டம். டியூப் லைட்டுக்கு 40 வேண்டும்.

"அப்ப நாப்பது பேர் சுத்துனா?"

கணக்குப்படி அவன் சொன்னது சரி. வேறு பதில் எனக்கு வரவில்லை. ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு, சுவரிலிருந்த டியூபைக் கழற்றினேன். லெய்டன் ஜாடிகளை விலக்கி, டியூபின் இரு முனைகளையும் பித்தளை உருண்டைகளோடு கம்பியால் இணைத்தேன். அவன்தான் சுற்றினான். டியூப் வெளிறிய வெளிச்சமாக விட்டுவிட்டுத் துடித்தது. படிக்க உதவாத வெளிச்சம்தான்.

"கை மாத்துடா" என்று பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. மணி அடிக்கும்வரை அவன் விடவில்லை.